போர்க்காலத்தில் எண்ணப்பட்ட வாக்கு: காத்தான்குடியும் கிழக்கு மாகாணத் தேர்தலும்

வாக்கு ஓர் அமானிதம் என்று நம் பெரியோர் சொல்லி வந்துள்ளனர். தேர்தல் நெருங்கும் காலங்களில் ஜும்ஆ உரைகளிலும் இச்சொல்லைக் கேட்கிறோம். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளே அமானிதம். வாக்குச்சீட்டு வாக்காளரின் கையில் இருக்கும்வரை அது அவரிடம் உள்ள அமானிதம். பெட்டிக்குள் விழுந்த பின்னரோ அதனைக் காத்து, எடுத்துச் சென்று, எண்ணி, முடிவு கூறுவோரிடம் உள்ள அமானிதம் ஆகிறது. முதற் பகுதியைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியுள்ளோம். இரண்டாம் பகுதியைப் பற்றிப் பேசியது குறைவு. அமைதிக் காலத்தில் அது குறித்து எவரும் கவலை கொள்வதில்லை. துப்பாக்கி ஏந்தியோர் தெருவில் நிற்கும் காலத்தில், ஓர் ஊர் யாருக்கு வாக்களித்தது என்பது வெளியே தெரியலாமா, கூடாதா என்னும் வினா அவ்வூராரின் உயிரோடு தொடர்புடையதாகி விடுகிறது. இதனை ஆராய்வதற்குக் கிழக்கிலங்கையின் காத்தான்குடியை எடுத்துக்கொண்டோம்.

குமரி முனையில் நின்று நோக்குவோர்க்குக் கடலுக்கு அப்பால் மிக அண்மையிலுள்ள தமிழ் வழங்கும் நாடு இலங்கை. அதன் கீழ்க்கரையில், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் சூழ அமைந்த நெருக்கமான ஊர் காத்தான்குடி. வடக்கே நாவற்குடா, தெற்கே ஆரையம்பதி; இரண்டும் தமிழர் வாழும் ஊர்கள். இடையே ஏறத்தாழ முழுவதும் முஸ்லிம்களே வாழும் வணிக நகரம். திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம், குளச்சல், இளங்கடை போன்ற ஊர்களை அறிந்த நமக்கு, பள்ளிவாசலைச் சுற்றித் தெருக்கள் பின்னிக் கிடக்கும் இத்தகைய ஊரின் அமைப்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

எண்ணப்படாத வடக்கும் எண்ணப்பட்ட கிழக்கும்

1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையை அடுத்து இலங்கையில் மாகாண சபைகள் அமைந்தன. நம் நாட்டு மாநிலச் சட்டமன்றத்தைவிட அதிகாரம் குறைந்தவையாயினும் அவற்றுக்கும் முதலமைச்சர் உண்டு, அமைச்சர் வாரியம் உண்டு, ஆளுநரும் உண்டு. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டு, அந்த இணைந்த மாகாணத்துக்கு 1988 நவம்பர் 19ஆம் நாள் தேர்தல் என்று குறிக்கப்பட்டது. அப்போது இந்திய அமைதிப்படை அங்கே விடுதலைப் புலிகளுடன் போரிட்டுக்கொண்டிருந்தது. புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கக் கோரினர்.

வடக்கின் 36 இடங்களும் போட்டியின்றியே நிரப்பப்பட்டன. ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியும் அதன் தோழமைக் கட்சியும் அவற்றைப் பெற்றன. அங்கே எண்ணுவதற்கு ஒரு வாக்குக்கூட இல்லை. கிழக்கின் 35 இடங்களுக்கு மட்டுமே பெட்டிகள் வைக்கப்பட்டன. எண்ணி முடித்தபோது அம்முன்னணிக்கு 17 இடங்கள், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசுக்கு 17 இடங்கள், ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஓர் இடம் எனக் கிடைத்தன. முஸ்லிம் காங்கிரஸ் 1981இல் காத்தான்குடியில் தொடங்கப்பெற்ற இயக்கம்; எம்.எச்.எம். அஷ்ரஃப் தலைமையில் பின்னர் அரசியல் கட்சியாயிற்று. தான் பிறந்த ஏழாண்டுகளில், போரின் நடுவே நடந்த வாக்கெடுப்பில், அது மாகாண சபையின் எதிர்க்கட்சியாக அமர்ந்தது. எண்ணிக்கை நடந்த இடத்தில் சிறுபான்மையின் குரல் கேட்டது என்பதே இங்கு நாம் குறிக்க விரும்புவது.

அச்சபை நீடிக்கவில்லை. 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பியது, சபையும் கலைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் இரவு, காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். வாக்களித்த காரணத்தாலேயே இது நேர்ந்தது என நாம் கூறவில்லை. ஆயினும், ஓர் ஊர் முழுவதும் ஒரே இனமாக எண்ணப்பட்டு, அவ்வடையாளத்துக்காகவே தாக்கப்படலாம் என்பதை அவ்வூரார் அன்று அறிந்துகொண்டனர். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மாகாணத் தேர்தல் வந்தபோது அந்நினைவோடுதான் அவர்கள் சாவடிக்குச் சென்றிருப்பர்.

2008 மே 10

உச்ச நீதிமன்றம் 2006 அக்டோபரில் அளித்த தீர்ப்பால் வடக்கும் கிழக்கும் பிரிந்தன. 2007இல் கிழக்கு முழுவதும் அரசுப் படைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வன்னியில் போர் தொடர்ந்து நடந்துகொண்டிருக்க, கிழக்கு மாகாண சபைக்குத் தனியே தேர்தல் அறிவிக்கப்பட்டது. திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் முறையே 10, 11, 14 என 35 உறுப்பினர்கள். முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிகமாக இரண்டு இடங்கள். ஆக மொத்தம் 37.

புலிகளிடமிருந்து 2004இல் பிரிந்தவர்களின் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி, ஆளும் கூட்டணியின் வெற்றிலைச் சின்னத்தில் நின்றது. அவர்கள் அப்போதும் ஆயுதங்களைக் கையளித்திருக்கவில்லை. காத்தான்குடியைச் சேர்ந்த எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாவும் அதே வெற்றிலையில் நின்றார். முஸ்லிம் காங்கிரஸ் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தில் நின்றது. அதன் தலைவர் ரவூஃப் ஹக்கீமும் வேறு இருவரும் நாடாளுமன்றப் பதவிகளைத் துறந்து மாகாணத்துக்குப் போட்டியிட்டனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போட்டியிடவில்லை. காத்தான்குடி வாக்காளர் முன் இருந்த சிக்கலை எண்ணிப் பாருங்கள். தம் ஊர்க்காரருக்கு வாக்களிக்க வேண்டுமாயின், ஆயுதம் தாங்கிய அமைப்பொன்று நிற்கும் சின்னத்துக்கே முதலில் வாக்களிக்க வேண்டும். தாம் வளர்த்த கட்சிக்கு வாக்களிக்க வேண்டுமாயின், அவ்வமைப்பின் எதிர்த்தரப்பில் நின்றதாக எண்ணப்பட நேரும்.

தேர்தலுக்கு முந்திய நாள் மாலை அம்பாறையில் உணவகம் ஒன்றில் குண்டு வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாக்களிப்பு நாளன்று பொழுது புலருமுன் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக்குச் சரக்கு ஏற்றிச்சென்ற கப்பலொன்றைப் புலிகள் மூழ்கடித்தனர். காலை ஏழு மணிக்குச் சாவடிகள் திறந்தன.

வாக்களிப்பு முறையைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். நம் முறையிலிருந்து அது பெரிதும் வேறுபடுகிறது. சாவடி திறக்குமுன் வெறும் பெட்டியை முகவர்கள் அனைவருக்கும் காட்டி மூடி முத்திரையிடுகின்றனர். வாக்காளரின் பெயரும் எண்ணும் உரக்கப் படிக்கப்படுகின்றன. ஆட்சேபம் உள்ள முகவர் அப்போதே கூறலாம். இடக்கைச் சிறுவிரலில் மை இட்டுச் சீட்டு தரப்படுகிறது. சீட்டில் கட்சிகளின் பெயரும் சின்னமும் இருக்கும். கீழே வேட்பாளர்களின் எண்கள் மட்டும் நிரலாக இருக்கும், பெயர்கள் இரா. வாக்காளர் முதலில் ஒரு கட்சிக்கு எதிரே புள்ளடி இடவேண்டும். பின்னர், விரும்பினால், அக்கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரை தேர்ந்து அவர்தம் எண்களின்மீதும் புள்ளடி இடலாம். இதற்கு விருப்பு வாக்கு என்று பெயர். விருப்பு எண்ணில் பிழை செய்தாலும் கட்சிக்கு இட்ட வாக்கு செல்லும்.

புள்ளடி என்னும் சொல்லை இங்குச் சற்று நின்று பார்க்கலாம். புள் என்பது பறவை. மணலில் பறவை பதித்த காலடி போன்ற குறி என்பது பொருள். ஈழத்தார் இதனை அன்றாட வழக்கில் வைத்திருக்கின்றனர். நாமோ ‘முத்திரை குத்துதல்’ என்றோம். இப்போது ‘பொத்தானை அழுத்துதல்’ என்கிறோம். தமிழ்த் துறையினர் என்ற முறையில் இதில் நமக்குச் சிறிது பொறாமை உண்டு.

நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்ததும் பெட்டியை மூடி, முகவர்களின் முத்திரையும் இட்டு, பயன்படுத்திய, எஞ்சிய, கெட்டுப்போன சீட்டுகளின் கணக்கை எழுதி, காவலுடன் மாவட்டத்தின் வாக்கெண்ணும் நிலையத்துக்குக் கொண்டு செல்கின்றனர். ஊரிலேயே எண்ணுவதில்லை. இச்சிறு செய்தியே நம் கட்டுரையின் மையமாகும்.

கலந்து எண்ணுதல்

எண்ணும் நிலையத்தில் முதல் வேலை, ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சீட்டுகளின் தொகை, சாவடியிலிருந்து வந்த கணக்கோடு ஒத்துள்ளதா எனப் பார்ப்பது. எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்று அப்போது பிரிப்பதில்லை. தொகை சரிபார்த்த பின் ஒரு நிலையத்துக்குரிய பல பெட்டிகளின் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர். கலந்த பின்னரே கட்சிவாரியாகப் பிரித்து எண்ணுகின்றனர். முடிவும் ஊர்வாரியாக வருவதில்லை, தொகுதிவாரியாகவே வருகிறது. மட்டக்களப்புத் தொகுதி என்று ஓர் எண் அறிவிக்கப்படும். அதனுள் நகரத்துக் கத்தோலிக்கரும் நாவற்குடாச் சைவரும் ஆரையம்பதி உழவரும் காத்தான்குடி வணிகரும் ஒருங்கே அடங்குவர்.

தனி வாக்காளரின் இரகசியத்தைச் சாவடியின் மறைப்புத் தட்டி காக்கிறது. ஆனால் ஏறத்தாழ எல்லோரும் ஒரே சமயத்தவராக வாழும் ஊருக்கு அது மட்டும் போதாது. அவ்வூர்ப் பெட்டியைத் தனியே திறந்து எண்ணினால் ‘இவ்வூர் இவருக்கு வாக்களித்தது’ என்பது பட்டவர்த்தனமாகிவிடும். எவர் எப்படி வாக்களித்தார் என்று ஆராயாமலே ஊரார் அனைவரும் அதற்குப் பொறுப்பாவர். ஆகவே ஊருக்கும் ஒரு மறைப்பு வேண்டும். பெட்டிகளைக் கலப்பது அந்த மறைப்பு.

இது நமக்குப் புதிய சிந்தனையன்று. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. குடத்தை முதியவர் ஒருவர் அனைவரும் காண உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பிக்க வேண்டும். ஓலைகளை வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலைத்துக் கலக்க வேண்டும். அது சீட்டெடுப்பேயன்றி வாக்கெண்ணிக்கையன்று. எனினும் வெறும் பாத்திரத்தைக் காட்டுதலும் கலத்தலும் இன்றியமையாதவை என்பதை அன்றைய சபையார் அறிந்திருந்தனர்.

மறைப்பு இல்லாவிடில் என்னாகும் என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் நல்ல சான்று. 1863இல் ஓஹியோ மாநிலத்தின் ஆளுநர் தேர்தலில், போரை எதிர்த்தமையால் நாடு கடத்தப்பட்ட கிளெமென்ட் வல்லண்டிகாம் கனடாவிலிருந்தபடியே போட்டியிட்டார். படைவீரர்கள் பாசறைகளிலேயே வாக்களித்தனர். அக்காலச் சீட்டுகளைக் கட்சிகளே அச்சிட்டுக் கொடுத்தன. சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் எக்கட்சி என்பது தெரியும். வீரர் வாக்குகளில் நாற்பதாயிரத்துக்கு மேல் ஜான் புரூவுக்கும், இரண்டாயிரத்துச் சொச்சம் வல்லண்டிகாமுக்கும் விழுந்தன. பெரும்பான்மை உண்மையானதே ஆகலாம். ஆனால் படைத்தலைவரின் கண்முன்னே வேற்று நிறச் சீட்டை நீட்டத் துணிந்த அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை நாம் வியப்புடன் நினைக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் 1981 ஜூன் 4இல் நடந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் வேறொரு பாடம். நூலகம் எரிந்து சாம்பலான சில நாள்களில் நடந்த அத்தேர்தலில் வாக்குப் பெட்டிகள் சில காணாமற் போயின. பெட்டியே வந்து சேராதபோது கலப்பதற்கும் எண்ணுவதற்கும் இடமில்லை.

முடிவும் அதன் பின்னும்

2008 தேர்தலில் ஆளும் கூட்டணி ஏறத்தாழ 52 விழுக்காடும் ஐக்கிய தேசியக் கட்சி 42 விழுக்காடும் பெற்றன. இடங்கள் முறையே 20, 15. ஏனைய இரு கட்சிகளுக்கு ஒவ்வொன்று. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் 6, 4, 1 எனப் பிரிந்தன. ஆள்மாறாட்டம், முகவர்களை விரட்டுதல், அச்சுறுத்தல் ஆகியவை குறித்துக் கண்காணிப்பு அமைப்புகள் முறைப்பாடுகளைப் பதிவு செய்தன; எதிர்க்கட்சி முடிவை ஏற்க மறுத்தது; அரசு தேர்தல் நேர்மையாக நடந்தது என்றது. இவற்றைக் கொண்டு பார்க்கையில் நம் கருத்து இதுவே: எண்ணும் முறையில் குறை காண்பது அரிது, எண்ணுவதற்கு முன்னர், சாவடிக்குச் செல்லும் வழியில்தான் வாக்கு காயமுற்றது. கலந்து எண்ணுதல் ஊரைக் காக்கும். ஆனால் வேறொருவர் வந்து இட்டுச் சென்ற புள்ளடியை அது அடையாளம் காட்டாது, நல்ல சீட்டுகளோடு அதனையும் சேர்த்தே கலந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கட்சி வாக்கு கலப்பில் மறைந்துவிடும். விருப்பு வாக்கோ வேட்பாளரின் பெயரோடு வெளியிடப்படுகிறது. ஒரே வெற்றிலைச் சின்னத்தில் நின்ற பிள்ளையான் என்னும் சிவநேசதுரை சந்திரகாந்தன் 41,000க்கு மேலும் ஹிஸ்புல்லா 35,000க்கு மேலும் விருப்பு வாக்குகள் பெற்றனர். தமிழர் யாருக்கு, முஸ்லிம்கள் யாருக்கு என்று பார்த்தவர் அனைவரும் இவ்விரு எண்களிலிருந்து ஊகித்தனர். பெட்டிகளைக் கலந்ததால் மறைந்தது விருப்பெண்களால் மீண்டும் பாதி வெளிப்பட்டது. முதலமைச்சர் பதவி தமக்கே உரியது என ஹிஸ்புல்லா கோரினார். மே 16இல் பிள்ளையானே பதவியேற்றார். மே 22இல் காத்தான்குடியில் நடந்த கொலைகளும் அவற்றைத் தொடர்ந்த வன்முறையும் இரு சமூகத்தாரையும் வீடுகளுக்குள் அடைத்தன.

பழைய முறை மேலானதா என்று சிலர் வினவலாம். விகிதாசார முறை வருமுன் மட்டக்களப்பு இரு உறுப்பினர் தொகுதியாக இருந்தது. தமிழர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் வர வாய்ப்பிருக்கட்டும் என்ற எண்ணத்தில் அமைந்தது அது. நோக்கம் நன்று. எனினும் இன்ன சமூகத்துக்கு இன்ன இடம் என்று தொகுதியே முன்கூட்டி அறிவித்துவிடுகிறது. விகிதாசாரத்தில் மாவட்டம் முழுவதும் சிதறிக் கிடக்கும் வாக்குகளும் ஒன்று சேர்கின்றன. காத்தான்குடியின் வாக்கும் ஏறாவூரின் வாக்கும் ஓட்டமாவடியின் வாக்கும் ஒரே கணக்கில் விழுகின்றன. சிறுபான்மைக்கு இதுவே பொருந்தும் என்பது நம் எண்ணம்.

நம் மாவட்டத்துப் பெட்டிகள்

நம் மாவட்டமும் ஏட்டளவில் ஒரு போர்க்காலத் தேர்தலைக் கண்டுள்ளது. சீனப் படையெடுப்பின்போது 1962 அக்டோபர் 26இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை நீக்கப்படவில்லை. ஆகவே 1967இல் நாகர்கோவிலில் மார்ஷல் நேசமணி நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், சென்னையில் ஆட்சி மாறியதும் அந்நெருக்கடி நிலையின் கீழேயே நடந்தன. சாவடிக்குச் சென்ற எவருக்கும் அது தெரிந்திராது. போர்க்காலம் என்பது அறிவிப்பில் இல்லை, தெருவில்தான் இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எண்ணும் முறையில் நாமும் பல படிகளைக் கடந்துள்ளோம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தபோது நடந்த முதற் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின்மீது சின்னம். சீட்டில் குறி எதுவும் இடாமல், விரும்பிய பெட்டிக்குள் போட்டு வந்தால் போதும். எழுத்தறியாதவர்க்கு எளிது, ஆனால் சீட்டைப் போடாமல் மடியில் வைத்து வெளியே கொண்டுவந்து விற்கவும் வழியிருந்தது. 1962க்குள் ஒரே பெட்டியும் முத்திரையும் வந்தன. பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணும் விதியும் பின்னர் வந்தது.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகமெங்கும் மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் வந்தபோது கலத்தல் நின்றது. எந்திரம் ஒவ்வொன்றும் தன் சாவடியின் கணக்கைத் தனியே சொல்கிறது. சாவடிவாரிப் பட்டியல் வெளியிடப்படுகிறது. பல எந்திரங்களின் வாக்குகளைக் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் எனத் தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது, காத்தான்குடியில் கலந்து எண்ணிய அதே 2008இல். சட்ட ஆணையமும் 2015இல் அதனைப் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. கடற்கரைச் சிற்றூர், மலையோரக் குடியிருப்பு, பள்ளிவாசல் தெரு எனத் தனித்தனிச் சாவடியுடைய நம் மாவட்டத்தில், தேர்தல் முடிந்த மறுவாரம் அப்பட்டியலை விரித்து வைத்து ‘இந்தத் தெரு நமக்கு வாக்களிக்கவில்லை’ என்று விரல் வைத்துக் காட்டுவது இயலும்.

காத்தான்குடியார் மறுமுறை மாகாணத்துக்கு வாக்களித்தது போர் முடிந்த பின், 2012 செப்டம்பர் 8இல். ஆளும் கூட்டணிக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, மற்றொரு கட்சிக்கு 1 என வந்தன. எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஏழு இடங்களை வைத்திருந்தவர்களைத் தவிர்த்து எவரும் ஆட்சி அமைக்க முடியவில்லை. நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். 2017 செப்டம்பரில் அச்சபையின் காலம் முடிந்தது. அடுத்துப் பல ஆண்டுகள் தேர்தல் நடத்தப்படாமல் ஆளுநரின் கையிலேயே மாகாண நிருவாகம் இருந்தது. குண்டு ஓய்ந்த கிழக்கில் கலப்பதற்கும் எண்ணுவதற்கும் பெட்டி வரவில்லை.